பேரு போட்டது திரும்பி வரும்

அத்தையின் வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எப்போதும் ஊதாவாகவே இருக்கும். துணி துவைத்தாலும் போகாது, பாத்திரம் தேய்த்தாலும் போகாது. சின்ன வயதில் அதைப் பிறவி மச்சம் என்றே நினைத்திருந்தேன். ரப்பர் ஸ்டாம்ப் மை என்று தெரிந்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அத்தை என்றால் அப்பாவின் உடன்பிறப்பு இல்லை. பாலக்கோட்டில் எங்களுக்கு அடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அங்கே அத்தையும் அவர் மகன் மாதேஷும் மட்டும்தான். மாதேஷ் தவழ்கிற வயதிலேயே மாமா இறந்துவிட்டார். தெருவில் அத்தையை 'மாதேஷ் அம்மா' என்பார்கள், தக்காளி மண்டியில் 'பெயிண்டு அக்கா' என்பார்கள். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

மண்டியில் அவருக்கு, தக்காளி நிரப்பி அனுப்பும் பிளாஸ்டிக் கிரேடுகளில் பெயர் எழுதும் வேலை. எங்கள் ஊர்த் தக்காளி எங்கெங்கோ போகும். தக்காளி போனால் போனதுதான், ஆனால் காலி கிரேடு திரும்பி வந்தாக வேண்டும். அதற்காக ஒவ்வொரு கிரேடின் பக்கவாட்டிலும் மண்டியின் முதல் எழுத்துகளைச் சிவப்புப் பெயிண்டில் எழுதுவார்கள். எழுதாத கிரேடை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், கேட்க நாதி இல்லை. எழுதிய கிரேடு கோலாருக்குப் போனாலும் சென்னைக்குப் போனாலும் ஏதாவது ஒரு லாரியில் ஏறி என்றைக்காவது வந்து இறங்கும். ஓரம் உடைந்திருக்கும், உள்ளே யார் வீட்டு வெங்காயச் சருகோ ஒட்டியிருக்கும். அத்தை அதை ஒரு கையால் தூக்கி, தான் எழுதிய எழுத்தைத் தடவிப் பார்ப்பார். "பேரு போட்டது திரும்பி வரும் பாப்பா" என்பார். மண்டிக்குப் போகும்போதெல்லாம் இதை என்னிடம் சொல்லியிருக்கிறார். நானும் தலையாட்டிவிட்டு நல்ல பழமாகப் பொறுக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

இந்த நம்பிக்கையை அவர் மண்டியோடு விட்டிருந்தால் பரவாயில்லை.

ஒரு மாரியம்மன் திருவிழாக் கடையில் மாதேஷுக்கு ஒரு விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுத்தார். சோப்பு டப்பா அளவுக்கு ஒரு தகரப் பெட்டி. உள்ளே பொடிப்பொடியாக ரப்பர் எழுத்துகள், அவற்றை எடுக்க ஒரு சின்ன இடுக்கி, எழுத்துகளை வரிசையாகச் செருக நீளப் பள்ளம் வைத்த மரக்கட்டை, ஊதா மைத் துணி ஒட்டிய மூடி. குழந்தைகள் அச்சடித்து விளையாடுவதற்கு. எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. அத்தைக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நம்ம எழுத்து இல்லையே என்றார். மாதேஷுக்கு ரோஷம் வந்துவிட்டது.

தேய்ந்துபோன ஹவாய் செருப்பின் அடியை பிளேடால் அறுத்து, தமிழ் எழுத்துகளை அவனே வெட்ட ஆரம்பித்தான். அப்போது அவன் எட்டாவது, நான் ஏழாவது. ஸ்டாம்புக்கு எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வெட்ட வேண்டும், அப்போதுதான் தாளில் நேராக விழும். எண்ணெய் தடவிய தாளில் எழுத்தை எழுதி, அதைக் கவிழ்த்துப் பார்த்து வெட்டுவான். எண்ணெய் தடவிக் கொடுப்பது என் வேலை. செருப்பு ரப்பரில் ஊசி குத்தியதுபோல் ஓட்டைகள் இருக்குமல்லவா, அதனால் அச்செழுத்துக்குள் வெள்ளைப் பொட்டுகள் விழுந்தன. 'ம' வெட்டும்போது பிளேடு வழுக்கி, அதன் அடிக்கோட்டில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. கொசு கடித்ததுபோல் சின்னப் பள்ளம்தான்.

'ழ'வை வெட்டும்போது மட்டும் தாளைக் கவிழ்க்க மறந்துவிட்டான். தாளில் வைத்து அழுத்தினால் வால் மறுபக்கமாகப் போய், எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றது. நாங்கள் மூன்று பேரும் அன்றைக்குச் சிரித்த சிரிப்புக்கு என் அம்மா சுவரைத் தட்டினாள். அவன் அதைத் தூக்கியெறியப் போனபோது அத்தை பிடுங்கிப் பெட்டியில் போட்டார். அதுவும் நீ செஞ்சதுதானே, கெடக்கட்டும் என்றார். கிடந்தது. ஆனால் அதை எடுத்து யாரும் எதிலும் குத்தவில்லை.

மற்ற எழுத்துகளைக் குத்தாத இடம் இல்லை. சமையலறை டப்பாக்களில் உப்பு, புளி, கடுகு, பருப்பு. எவர்சில்வரில் மை நிற்காது என்பதால் மருந்துக்கடைப் பிளாஸ்திரியில் குத்தி, பாத்திரத்தின் அடியில் ஒட்டுவார். தெருவில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பாத்திரங்களுக்கு அத்தைதான் பெயர் ஒட்டிக் கொடுப்பார். தன் வீட்டில் எல்லாவற்றிலும் மாதேஷ், மாதேஷ், மாதேஷ். தலையணை உறையில் மாதேஷ், குடைக் காம்பில் மாதேஷ். பந்தலில் தொங்கிய சுரைப்பிஞ்சில்கூட ஒருநாள் குத்தி வைத்தார். காய் பெருக்கப் பெருக்க அவன் பெயரும் அகன்று வெளிறி, யாரோ தூரத்திலிருந்து இழுத்துக் கூப்பிடுவதுபோல் ஆகிவிட்டது. அந்தக் காயைக் கறிக்கு அறுக்க எங்கள் வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை. அம்மா வெளிப்படையாகவே சொன்னாள், இது நல்லதுக்கில்லை என்று.

ஆடிப் பெருக்குக்குத் தெருவே வேன் பிடித்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போனது. கூட்டத்தில் தொலைந்துவிடுவோம் என்று அத்தை எல்லாப் பிள்ளைகளின் மணிக்கட்டிலும் ஸ்டாம்பு வைத்தார். எல்லோருக்கும் ஒரே பெயர், மாதேஷ். எங்கே கண்டெடுத்தாலும் தன்னிடம் வந்து சேர வேண்டும் என்பது அவர் கணக்கு. பரிசல் துறையில் நான் நிஜமாகவே தொலைந்தேன். அழுதுகொண்டு நின்ற என்னை எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவர் பிடித்து, கையைப் பார்த்துவிட்டு, "மாதேஷ் யாரு, மாதேஷ் யாரு" என்று கத்திக்கொண்டே இழுத்துப் போனார். அத்தை ஓடி வந்தார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்தது பயம் தீர்ந்த நிம்மதி மட்டும் இல்லை, நான் சொன்னேன் பார் என்கிற மாதிரியும் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் என் அம்மா, பொம்பளப் பிள்ளை கையில் பையன் பெயரா என்று எலுமிச்சையும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து என் தோலை உரித்தாள். அவன் பெயர் என் கையில் ஒரு வாரம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம்.

சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் விளையாட்டு. மீசை முளைத்த பிறகும் அத்தை நிறுத்தவில்லை. தருமபுரியில் ஐடிஐ சேர்ந்தவனின் ஒவ்வொரு சட்டைக் காலரின் உள்பக்கத்திலும் பெயர் வைத்தே அனுப்பினார். ஹாஸ்டலில் யாரோ அதைப் பார்த்து, காரணம் கேட்டு, அவனுக்குக் 'கிரேடு' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் என்னோடு நிற்கும்போதே எதிர்ப் பக்கத்திலிருந்து "டேய் கிரேடு" என்று கூப்பிடுவார்கள். அவன் திரும்பிப் பார்க்க மாட்டான், ஆனால் காது மடல் சிவந்துபோகும். அத்தையிடம் சொல்லலாமே என்றேன். சொன்னா அழும், நிறுத்தாது என்றான்.

ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கிளம்புகிற அன்று காலை சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம். புதுச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறான். வந்து பார்த்தால் காலரில் ஈரம் காயாத ஊதா. அவன் குரலை அவ்வளவு உயரத்தில் நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"நான் என்ன கிரேடாம்மா, பேரு போட்டு அனுப்பறதுக்கு?"

அப்புறம் அத்தை, கிரேடுன்னா வூட்டுக்கு வந்துரும்டா என்றது கேட்டது. கோபமாகச் சொல்லவில்லை, புரியவைப்பதுபோலத்தான் சொன்னார். அதற்குப் பிறகு கதவுச் சத்தம்தான்.

பெயர் வைக்காத ஒரு பழைய டீசர்ட்டைப் போட்டுக்கொண்டு போனான். போகும்போது அந்தத் தகரப் பெட்டியையும் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டான். இனிமேல் எதிலும் குத்தக்கூடாது என்றுதான் எடுத்திருப்பான் என்று எனக்குத் தோன்றியது. கொஞ்ச நாள் போன் வந்தது. பிறகு வருவது நின்றது. பிறகு நாங்கள் கூப்பிட்டாலும் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கம்பெனியில் கேட்டால் வேலையை விட்டு நின்றுவிட்டான் என்றார்கள். போலீசில் எழுதிக் கொடுத்தோம். கோலார் சந்தையில் மூட்டை தூக்குகிறான் என்றார் ஒரு டிரைவர், வேறோர் ஊர்ச் சந்தையில் அப்படி ஒருவன் செத்தேபோனான் என்றார் இன்னொருவர். இரண்டு இடத்துக்கும் என் அப்பா போய் வந்தார். ஒன்றும் இல்லை.

அத்தையின் விரல்களில் இருந்த ஊதா மெல்ல மெல்லப் போயிற்று. சில மாதங்களில் எல்லோர் விரலையும்போல ஆகிவிட்டது. அதைப் பார்க்கவே என்னவோபோல் இருந்தது. அவர் அழுது ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. வழக்கம்போல மண்டிக்குப் போனார், கிரேடுகளில் எழுதினார். வாரம் ஒருமுறை மாதேஷின் சட்டைகளை எல்லாம் எடுத்துத் துவைத்து, காலர் வெளியே தெரியக் கொடியில் போடுவார். நான் மாடியில் துணி எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தக் கொடி கண்ணில் படும். காற்றில் சட்டைகள் ஆட, மாதேஷ், மாதேஷ், மாதேஷ். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடிவிடுவேன். எனக்குப் பயமாக இருந்தது, அதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

நான் டிசைன் படித்து, கல்யாணமாகி அதியமான்கோட்டைக்கு வந்தேன். வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டருக்குத் தமிழ் எழுத்துரு செய்வது என் தொழில். என் பிழைப்பைச் சொந்தக்காரர்களுக்கு விளக்க முயன்று தோற்றதால், 'டைப்பிங் வேலை' என்று சொல்லிவிடுவேன். இங்கிலீஷில் இந்த விளையாட்டு ஸ்டாம்ப் எழுத்துகளைப் பார்த்துச் செய்த எழுத்துருக்கள் ஏராளம். மை அப்பி, ஓரம் தேய்ந்து, கோணலாக நிற்கிற எழுத்துக்கு டீக்கடைப் பலகையிலிருந்து சட்டை வரைக்கும் நல்ல கிராக்கி. தமிழில் அப்படி ஒன்று இல்லை. எனக்கு உடனே அத்தை வீட்டு உப்பு டப்பாதான் ஞாபகம் வந்தது.

ஊருக்குப் போய் அத்தையிடம் கேட்டேன். உங்க வூட்ல இருக்கற எழுத்தை எல்லாம் போட்டோ எடுத்து, கம்ப்யூட்டர்ல யார் வேணாலும் எழுதற மாதிரி செய்யப்போறேன், செய்யட்டுமா என்று. போட்டோ என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. எடுத்துக்க பாப்பா, எடுத்தா தேஞ்சா போவுது என்றார். டப்பாக்கள், பிளாஸ்திரிகள், கதவின் பின்பக்கம், சட்டைக் காலர்கள், எல்லாவற்றையும் எடுத்தேன். ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கக்கூடாது, இருந்தால் ஸ்டாம்பு என்று யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று நான்கு அச்சுகளைப் பொறுக்கினேன். நிதானமாகக் குத்தியது ஒன்று, அவசரத்தில் குத்தியது ஒன்று. ஓசூருக்கு அவன் போட்டுக்கொண்டு போகாத அந்தக் கடைசிச் சட்டையின் காலரில் இருந்தவை துணியின் மறுபக்கம்வரை இறங்கியிருந்தன. அந்த 'ம'வை எடுப்பதா விடுவதா என்று யோசித்து, எடுத்துக்கொண்டேன்.

கிடைக்காத எழுத்துகளை அவன் கைபோலவே நான் வரைந்து சேர்த்தேன். 'ழ'வுக்கும் அச்சு இல்லை. அது திரும்பி நின்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் திரும்பிய 'ழ'வை வைத்து எழுத்துரு விற்றால் வாங்கியவர்கள் என்னைச் சும்மா விடுவார்களா? நேராகவே வரைந்தேன். 'அச்சுப்பெட்டி' என்று பெயர் வைத்து வெளியிட்டேன். நன்றாகவே போனது. நெடுஞ்சாலைப் பரோட்டாக் கடைப் பலகையில், கல்யாணப் பத்திரிகையில், ஊறுகாய் பாட்டிலில் எல்லாம் மாதேஷின் செருப்பு எழுத்து. பஸ்ஸில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே 'ம'வைப் பார்த்தால் முதலில் பெருமையாக இருக்கும். அப்புறம் அந்தக் கொடி ஞாபகம் வந்துவிடும்.

ஒருநாள் மதியம் அத்தை என் வீட்டு வாசலில் நின்றார். சொல்லாமல் வருகிறவர் இல்லை. தலை கலைந்திருந்தது, மஞ்சப்பையை நெஞ்சோடு பிடித்திருந்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து என் மடியில் வைத்தார். பெங்களூரில் காய்கறி மொத்தமாக வாங்கும் ஒரு கம்பெனியிலிருந்து மண்டிக்கு வந்த கிரேடில் கட்டியிருந்த அட்டை. உள்ளே இருப்பது பழமா காயா என்று நம் ஊர் ஆட்களுக்குத் தெரிவதற்காகத் தமிழில் எழுதிக் கட்டுவது. அதில் ஒரே சொல்தான் இருந்தது: பழம்.

"பாப்பா, அவன் இருக்கான்" என்றார்.

'ம'வின் அடியில் இருந்த பள்ளத்தை விரலால் தொட்டுக் காட்டினார். பிளேடு வழுக்கியபோது நானும்தானே பக்கத்தில் இருந்தேன், உலகத்தில் வேறு எந்தப் பெட்டிக்கு இந்தப் பள்ளம் இருக்கும், பெட்டி அவனிடம்தானே இருக்கிறது என்றார். அவர் சொன்னதில் ஓட்டையே இல்லை. வீட்டைப் பூட்டிச் சாவியை என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஆடு இரண்டையும் விற்றுவிட்டு வந்திருந்தார். பெங்களூருக்குப் போய், அந்தக் கம்பெனி வாசலில் உட்கார்ந்து, அவன் கிடைக்கும் வரை அங்கேயே இருக்கப்போகிறாராம். கன்னடம் கொஞ்சம் வருமே என்றார். நான் கூட வர வேண்டியதில்லை, பஸ் ஏற்றிவிட்டால் போதும் என்றார்.

வாயை மூடிக்கொண்டு பஸ் ஏற்றிவிட்டிருக்கலாம். இன்றைக்கும் சில சமயம் அப்படித் தோன்றுகிறது. ஆனால் அந்த வயதில் அவர் ஏதோ ஒரு கம்பெனி வாசலில், வெயிலில், உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

லேப்டாப்பைத் திறந்து, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, பழம் என்று அடித்தேன். திரையில் பழம் என்று வந்தது, அதே வெள்ளைப் பொட்டுகள், அதே பள்ளம். அத்தை திரையைத் தொட்டுவிட்டு விரலைப் பார்த்தார். விரலில் எதுவும் ஒட்டவில்லை. இது நான் செய்தது, உங்கள் வீட்டில் போட்டோ எடுத்தேனே அதை வைத்துச் செய்தது, காசு கொடுத்து யார் வேண்டுமானாலும் வாங்குகிறார்கள், அந்தக் கம்பெனியும் வாங்கியிருக்கிறது என்றேன். அவர் என்னை நம்பவில்லை. உன்னிடமும் அவனிடமும் ஒரே எழுத்து இருக்கலாமே என்றார். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்.

"இந்த ழவப் பாருங்க அத்தை. நேரா இருக்கு. அவன் வெட்டுனது திரும்பில்ல நிக்கும். நேரா இருக்கறது நான் வரைஞ்சது."

அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டுப் போனதுபோல் உதடு கொஞ்சம் அசைந்தது, அன்றைய சிரிப்பு ஞாபகம் வந்திருக்கும். பிறகு அட்டையை என் மேஜையில் வைத்துவிட்டு, ஆமா, நேராத்தான் இருக்கு என்றார். சாப்பிடச் சொன்னேன். சாப்பிட்டார். பாலக்கோடு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக, நல்லா வருது பாப்பா உனக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பாராட்டைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகு கொடியில் சட்டைகள் இல்லை என்று அம்மா போனில் சொன்னாள். ஒரே மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டுவிட்டாராம். மண்டிக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தார். ஊருக்குப் போகும்போது பார்ப்பேன். நன்றாகத்தான் பேசினார், ஆனால் பேரு போட்டது திரும்பி வரும் என்று அவர் சொல்லி நான் மறுபடி கேட்கவில்லை.

போன வருஷம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் பாலக்கோட்டில் தங்கியிருந்தபோது, ஒருநாள் சாயங்காலம் மண்டிக்குப் போனேன். கோலார்ப் பக்கமிருந்து வந்த லாரியிலிருந்து காலி கிரேடுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கே எந்த எழுத்தைப் பார்த்தாலும் நின்று பார்ப்பது என் தொழில் புத்தி. எங்கள் மண்டியின் கிரேடு ஒன்று, அத்தையின் சிவப்பெழுத்து வெளிறி, ஊரைவிட்டுப் போய் எத்தனையோ காலமான கோலத்தில் கிடந்தது. அதன் கைப்பிடியில் ஓர் அட்டை கட்டியிருந்தது. பழம் என்று போட்டிருந்தது. நான் செய்த எழுத்துதான் என்று நினைத்து நகரப்போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

'ழ' திரும்பி நின்றது.

அட்டையைக் கவிழ்த்துப் பார்த்தேன். பின்பக்கம் அழுத்திய தடம் இருந்தது. அச்சடித்ததில்லை, கையால் குத்தியது. ஊதா மை. எப்படியோ ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, அட்டையை அவிழ்த்து, பெயிண்டு டப்பாவோடு உட்கார்ந்திருந்த அத்தையிடம் ஓடினேன். மூச்சிரைக்க, அவன்தான் அத்தை, ழவப் பாருங்க, இது என்னோடது இல்லை என்றேன்.

அத்தை அட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவ்வளவு கனிவாக என்னை யாரும் பார்த்ததில்லை.

"எனக்காகத் திருப்பிப் போட்டியா பாப்பா?"

இல்லை என்றேன். என் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தேன். உன் மிஷின்ல எது வராது என்றார். நேராகவும் வரும், திருப்பியும் வரும், மனசு கேட்காமல்தான் செய்திருக்கிறாய், அதுக்கென்ன என்றார். அவருக்கு நான் கற்பித்த பாடத்தை அவர் அப்படியே ஒப்பித்தார். நான் அழுதேன். அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டு, அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு, அடுத்த கிரேடை இழுத்து எழுத உட்கார்ந்தார்.

லாரிக்காரரிடம் ஓடினேன். வழியெல்லாம் சந்தை சந்தையாகக் காலி கிரேடு ஏற்றிக்கொண்டு வந்தேன், எது எங்கே ஏறியது என்று எப்படிம்மா சொல்வது என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். ராத்திரி முழுக்க யோசித்து, அட்டையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சந்தையாகப் போய்க் கேட்பது என்று முடிவு செய்தேன்.

காலையில் மண்டிக்குப் போய் அட்டையைக் கேட்டேன். கிரேடோட அனுப்பிட்டேன் என்றார் அத்தை. விடியற்காலையில் அதே லாரி தக்காளி ஏற்றிக்கொண்டு வந்த வழியே கிளம்பிவிட்டதாம். அந்தக் கிரேடில் பழத்தை நிரப்பி, அட்டையை முன்போலவே கைப்பிடியில் கட்டி அனுப்பியிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இருந்தது அது ஒன்றுதானே, அதையும் விட்டுவிட்டீர்களே, நம்பவில்லையென்றால் என்னிடமாவது கொடுத்திருக்கலாமே என்று பெரியவர் என்றும் பார்க்காமல் கத்தினேன்.

அவர் பிரஷ்ஷைத் தோய்த்தார். அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஊதாவாக இருந்தன. விரலை நனைத்து அந்த எழுத்தைத் தேய்த்துப் பார்த்திருக்கிறார். மிஷினில் அடித்த எழுத்து விரலில் ஒட்டாது என்பது, அன்றைக்குத் திரையைத் தொட்டுப் பார்த்தவருக்குத் தெரியும்.

"சும்மாவா அனுப்புவேன்? அட்டையோட பின்பக்கம் பேரு எழுதித்தான் அனுப்பியிருக்கேன்" என்றார்.

மாதேஷ்னா எழுதுனீங்க என்று கேட்டேன்.

"அவன் பேரப் போட்டா அவனுக்கு ஆவாதே பாப்பா. என் பேரத்தான் எழுதுனேன்."

அந்தக் கிரேடு திரும்பி வரவில்லை. அத்தை தை பிறந்த பிறகு, இரண்டு நாள் காய்ச்சலில் இறந்துபோனார். பரணில் இருந்த சட்டை மூட்டையை அம்மா எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்து வைத்திருக்கிறாள். போனில் இருக்கும் போட்டோவை எந்தச் சந்தையில் காட்டினாலும், கடைப் பலகையில எல்லாம் இருக்கற கம்ப்யூட்டர் எழுத்துதானேம்மா என்கிறார்கள். இப்போது என் எழுத்துருவிலும் 'ழ'வைத் திருப்பிவிட்டேன். வாங்கியவர்கள் புகார் சொல்கிறார்கள். அது அப்படித்தான் என்று பதில் போடுகிறேன்.

அன்றைக்குக் காலை மண்டியில், உங்க பேரு என்ன அத்தை என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் கேட்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. கொஞ்சம் கூச்சப்பட்டுக்கொண்டு சொன்னார். சின்னப் பெயர்தான், அட்டையில் ஒரு வரியில் அடங்கிவிடும். நான் அதை இங்கே எழுதவில்லை. படிக்க வேண்டியவனுக்கு அவரே எழுதி அனுப்பியிருக்கிறார்.